பட்டறைச் சாவி

ஆய்வுரை வழங்க வந்துள்ள பேராசிரியர்களே, ஆய்வு மாணவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தொழிற்கல்வி ஆசிரியத் தோழர்களே,

ஓய்வு பெற்ற அன்று தலைமையாசிரியர் மேசைமேல் ஒரு சாவிக்கொத்தை வைத்துவிட்டு வந்தேன். பொது இயந்திரவியல் பட்டறையின் சாவி அது. இரண்டு லேத், ஒரு துளையிடும் இயந்திரம், வரிசையாக வைஸ் பூட்டிய மரமேசைகள், எண்ணெய் தடவித் துணியில் சுற்றிய வெர்னியர் காலிப்பர்கள். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்திட்டு அவற்றை வாங்கிக்கொள்ள எனக்கு அடுத்து ஒருவரும் நியமிக்கப்படவில்லை. அடுத்த ஜூனில் பதினோராம் வகுப்பில் அந்தப் பாடப்பிரிவே இல்லை. பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைந்தது என்று இதற்குக் காரணம் சொல்கிறார்கள். சேர வந்த பிள்ளைகளை, ஆசிரியர் இல்லை என்று சொல்லி வணிகவியலுக்கு மாற்றிவிட்டதை நான் அறிவேன்.

1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மால்கம் ஆதிசேஷய்யா தலைமையிலான தேசியக் குழு, மேல்நிலைக் கல்வியில் தொழிற்படிப்பின் இடம் பற்றி அறிக்கை தந்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவரில் 1990க்குள் 10 விழுக்காட்டினரும் 1995க்குள் 25 விழுக்காட்டினரும் தொழிற்பிரிவில் படிக்க வேண்டும் என்றது. 25 விழுக்காட்டின் அருகில்கூட நாடு போகவில்லை.

நம் மண்ணில் தொழிற்கல்வி என்றதும் எழும் ஐயத்தை நான் மதிக்கிறேன். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தார்கள். மறு ஆண்டு காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. கைவிடத்தான் வேண்டும். ஆனால் 1978இல் வந்தது அதற்கு நேர் எதிரானது. என் வகுப்பில் லேத் பிடித்தவர்களில் பெரும்பாலோர் கூலி விவசாயிகளின் பிள்ளைகள். அவர்கள் அப்பாக்களில் யாரும் மைக்ரோமீட்டரைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்பனிடம் இல்லாத தொழில் அரசுப் பள்ளியில் கட்டணமின்றிக் கிடைத்தது. இந்த வேறுபாட்டை நாம் ஊருக்கு உரக்கச் சொல்லாமல் விட்டோம். அது என் தலைமுறை ஆசிரியர்களின் பிழை. நானும் அதில் பங்காளி.

சேர்க்கை நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மதிப்பெண் பட்டியலில் மேலே இருப்பவருக்கு முதல் குரூப், பிறகு இரண்டாவது, பிறகு வணிகவியல். எங்கும் இடம் கிடைக்காத பிள்ளையை “வொக்கேஷனல் போ” என்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை தலைகுனிந்து பட்டறைக்குள் வருவான். உருளையைத் தானே கடைந்து, அளந்து, அளவு சரியாக வந்த நாளில்தான் அந்தத் தலை நிமிரும். அதற்கு எனக்கு ஆறேழு மாதம் ஆகும்.

படித்து முடித்தவர்களுக்கு வழி இருந்ததா? இயந்திரவியல் பிள்ளைக்கு இருந்தது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். தொழில் பழகுநர் சட்டமும் 1986இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு முடித்தோருக்கு இடம் தந்தது. செவிலியம் எடுத்த பெண்பிள்ளைக்கு அப்படி இல்லை. இரண்டாண்டு படித்து, மருத்துவமனைக்குப் போய்ப் பயிற்சி பெற்றாலும், பதிவு பெற்ற செவிலியராக வேண்டுமானால் பட்டயப் படிப்பை முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். அவளுடைய இரண்டு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்று எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன்.

2022 முதல் ‘நான் முதல்வன்’ போன்ற திறன் திட்டங்கள் வந்துள்ளன. வரவேற்கிறேன். ஆயினும் குறுகியகாலப் பயிற்சியும், அன்றாடம் ஒரே ஆசிரியரின் கண்பார்வையில் இரண்டாண்டு கைபழகுவதும் ஒன்றாகா.

ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கொள்கை ஆவணங்களோடு பள்ளிகளின் இருப்புப் பதிவேடுகளையும் படியுங்கள். எந்தப் பட்டறை எந்த ஆண்டில் பூட்டப்பட்டது, அதற்கு முந்தைய ஆண்டில் யார் ஓய்வு பெற்றார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே படித்தவர்களைத் தேடிப்போய், இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். என் முன்னாள் மாணவர்கள் நால்வர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். ஒருவர் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். முதல் அமர்வில் அவர்களே பேசட்டும் என்று அமைப்பாளர்களைக் கேட்டுக்கொண்டேன், இசைந்தார்கள். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.