விலையின்மை வேறு, விடுதலை வேறு!

(கணிப்பொறி பயிலும் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

வீட்டிலேயே ஒரு கணிப்பட்டறை அமைத்துக் கற்க விழைவோர் எம்மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே எனக்கு இடப்பட்ட தலைப்பு. கடையில் பண்டம் பொறுக்குவது போன்ற சிறு செய்தி இது என்று எண்ணிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் எவர் கையை நம்பிக் கற்கப் போகின்றனர் என்னும் வினா இதனுள் அடங்கியிருக்கின்றது.

முதற்கண் சொல்லைத் தெளிவோம். 'மெய்நிகர் பொறி' என்கிறோம். மெய்யான பொறியன்று; ஆயினும் மெய்க்கு நிகராக நின்று வினையாற்றுவது. பொருளைத் தன்னுள்ளேயே காட்டி நிற்கும் தமிழ்ச்சொல் இது. ஒரு கணிப்பொறியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பகுத்து, அதனுள் பல பொறிகள் தனித்தனியே இயங்குமாறு செய்வதே மெய்நிகராக்கம். இடந்தருவதை ஓம்பு பொறி என்றும், உள்ளே தங்குவதை விருந்துப் பொறி என்றும் வழங்கலாம். விருந்தோம்பல் அறிந்த இனத்திற்கு இச்சொற்கள் விளங்காமற் போகா.

இக்கலை நேற்று முளைத்ததன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1960-களிலேயே தன் பெருங்கணிப்பொறிகளில் இதனை ஆய்ந்து, 1972-இல் வி.எம்./370 என்னும் பெயரில் வெளியிட்டது. அன்று பெருநிறுவனங்கட்கே வாய்த்த அவ்வாற்றல், இன்டெல் 2005-இலும் ஏ.எம்.டி. 2006-இலும் செயலியிலேயே அதற்குரிய துணையைச் சேர்த்த பின்னர், எளியவர் வீட்டு மேசைக்கும் வந்துவிட்டது. ஏழை மாணவன் ஐந்து கணிப்பொறிகள் வாங்க வேண்டா. ஒன்றே ஐந்தாய் நிற்கும். கெடுத்தாலும் அழித்தாலும் மீண்டும் படைத்துக் கொள்ளலாம். அஞ்சாமற் கற்பதற்கு இதனினும் நல்ல களம் ஏது?

இனிக் கருவிகளுக்கு வருவோம். விஎம்வேர் என்னும் நிறுவனத்தின் ஈ.எசு.எக்சு.ஐ. மென்பொருளைப் பல்லாண்டுகள் விலையின்றிப் பெற்றுப் பயின்றோர் பலர். 2023 நவம்பரில் அந்நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கிற்று. 2024-ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேயே அவ்விலையில்லாப் பதிப்பு நிறுத்தப்பட்டது! அதே ஆண்டில் ஒர்க்குசுடேசன் என்னும் மற்றொரு மென்பொருளை விலையின்றித் தந்தனர். 2025 ஏப்பிரலில் முன்னதையும் மீண்டும் தந்தனர். மகிழலாமா, தோழர்களே? அடைத்ததும் அவர்கள் விருப்பம். திறந்ததும் அவர்கள் விருப்பம். பயின்றவனுடைய விருப்பத்தை எவரும் கேட்கவில்லை! விலையின்மை என்பது பிறன் தரும் கொடை. விடுதலை என்பது நம் கையில் நிற்கும் உரிமை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோர் என்றேனும் ஒருநாள் வாயிலில் நிற்க நேரும்.

மைக்குரோசாப்டின் ஐப்பர்-வி விண்டோசுடன் வருகின்றது. ஆனால் வீட்டுப் பதிப்பில் அஃது இல்லை. எளிய வீடுகளிற் பெரும்பாலும் இருப்பது எது? அவ்வீட்டுப் பதிப்பே!

வேர்ச்சுவல்பாக்சு புதிதாய்க் கற்போர்க்கு ஏற்றது. விண்டோசிலும் இலினக்சிலும் அஃது இயங்கும். 2008-இல் சன் நிறுவனத்திற்கும், 2010-இல் ஆரக்கிளுக்கும் கைமாறியும் அதன் அடிப்படைப் பகுதி கட்டற்ற உரிமத்தின்கீழ் நிற்கின்றது. அதனோடு சேர்க்கும் நீட்சித் தொகுதியின் உரிமம் மட்டும் வேறு. வணிகத்திற்குப் பயன்படுத்துவோர் விலை கொடுத்தாக வேண்டும்.

கே.வி.எம். என்பது 2007-இல் இலினக்சின் உட்கருவிலேயே இணைந்துவிட்டது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். உரிமையாளன் மனம் மாறினான் என்று வழங்கியதைப் பறித்தல் இயலாது. அதன்மேல் அமைந்த பிராக்சுமாக்சு, ஆத்திரியா நாட்டிலிருந்து 2008 முதல் வெளிவருகின்றது, அதுவும் கட்டற்றதே. ஆனால் ஓர் எச்சரிக்கை! நிறுவும் வட்டில் உள்ள அனைத்தையும் அஃது அழித்துவிடும். எனவே, தனியாக ஒரு பழைய கணிப்பொறி கிடைத்தாலன்றி அதனைத் தொடவேண்டா.

எனவே, என் முடிவு இது. வீட்டில் விண்டோசு கணிப்பொறி ஒன்றே உண்டெனில் வேர்ச்சுவல்பாக்சில் தொடங்குங்கள். இலினக்சு இருப்பின் கே.வி.எம். போதும். தனிப்பொறி வாய்த்தபின் பிராக்சுமாக்சிற்குச் செல்லுங்கள். 8 கிகாபைட்டு நினைவகம் இருந்தால், திரைக்கோலம் இல்லாத தெபியன் பொறிகள் இரண்டை, ஒவ்வொன்றுக்கும் 1 கிகாபைட்டு அளித்து, இடரின்றி இயக்கலாம். முன்னதாகக் கணிப்பொறியின் தொடக்க அமைப்பில் மெய்நிகராக்கத் துணை இயக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். முகவரி வழங்கும் வழங்கியை ஆய்ந்து பார்க்கும்போது உள்வலையிலேயே வையுங்கள். வீட்டு வலையோடு பாலமிட்டால் வீட்டிலுள்ள பிற கருவிகளின் இணைப்பும் குலையும். நிலைப்பதிவைக் காப்புப்படி என நம்பாதீர்கள். வட்டு கெட்டால் இரண்டும் ஒருங்கே போகும். மற்றொரு வட்டில் படி எடுத்து வையுங்கள்.

இறுதியாக ஒன்று. கற்றதைத் தமிழில் எழுதி வையுங்கள். பிறமொழியிற் கற்றுப் பிறமொழியிலேயே பூட்டி வைத்தால், அடுத்து வரும் சிற்றூர்ப் பிள்ளைக்கு அக்கதவும் அடைபட்டதே ஆகும். கருவியிலும் விடுதலை, மொழியிலும் விடுதலை. இரண்டையும் சேர்த்தே நாடுவோம்!