தவறும் தாதியும்

யானைக்கும் அடி சறுக்கும் என்பர். ஆனால் வைத்தியசாலையில் ஒருவருடைய அடி சறுக்கினால் வீழ்பவர் வேறொருவர். ஆதலின், அங்கு நேரும் தவறு ஏனைய தவறுகளைப் போன்றதன்று. வைத்தியர் பணித்த மருந்து நோயாளியைச் சென்றடைவது பெரும்பாலும் தாதியின் கையாலேயே. பிறர் இழைத்த பிழையாயினும், தாமே இழைத்த பிழையாயினும், அதைத் தடுத்தற்குரிய கடைசிக் காவலர் அவரே.

2017ஆம் ஆண்டு டிசெம்பரில், அமெரிக்காவின் நாஷ்வில் நகரிலுள்ள வைத்தியசாலையொன்றில், 75 வயது மூதாட்டி ஒருவரின் பதற்றத்தைத் தணிக்க ‘வெர்செட்’ என்னும் மருந்து பணிக்கப்பட்டது. ரடோண்டா வாட் என்னும் தாதி, கணினியால் இயங்கும் மருந்துப் பேழையில் அதன் முதலிரண்டு எழுத்துக்களைப் பதிந்தார். அம்மருந்து அங்கே வேறு பெயரில் இருந்தமையால் கிடைக்கவில்லை. பேழையின் கட்டுப்பாட்டைக் கடந்து மீண்டும் தேடியபோது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ‘வெக்குரோனியம்’ கைக்கு வந்தது. குப்பியின் மூடியிலிருந்த எச்சரிக்கையை அவர் கவனித்தாரல்லர். மூதாட்டி மறுநாள் காலமானார்.

தவறு புலப்பட்டதும் தாதி அதனை மறைக்கவில்லை, அன்றே ஒப்புக்கொண்டார். ஆயினும் 2021இல் தொழில் அனுமதியை இழந்தார். 2022 மார்ச்சில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியெனக் கண்டது. மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. தீர்ப்பு நாளில் தாதியர் பலர் நீதிமன்றத்தின் முன் திரண்டு நின்றனர். உண்மையுரைத்தவருக்கு இதுவே கதியாயின், இனி எவர் வாய் திறப்பர் என்பதே அவர்களது கவலை.

எச்சரிக்கையைக் கவனியாமை சிறு குற்றமன்று. தாயை இழந்த குடும்பத்தின் துயரும் சிறிதன்று. ஆயினும் தண்டனை ஒன்றே மருந்தாகுமா? அமெரிக்க மருத்துவ நிறுவகம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு வைத்தியசாலைகளில் தவறுகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக மதிப்பிட்டது. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் தனியாளின் அசட்டையன்று, பணிமுறையின் குறைபாடே என்றும் அது கூறியது. பணிமுறையைத் திருத்த வேண்டுமாயின், தவறு எங்கே, எவ்வாறு நேர்ந்தது என்பது முதலில் தெரியவேண்டும். அதனைச் சொல்லவல்லவர் அருகிலிருந்த தாதியே. கென்டக்கி மாநிலம் 2024இல், கொடிய அசட்டையால் நேராத தவறுகளுக்காக மருத்துவப் பணியாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாதெனச் சட்டமியற்றியது.

பிழையை ஒப்புக்கொண்ட மாணவனையே பிரம்பால் அடிக்கும் வகுப்பில், ஏனைய மாணவர் பிழையைத் திருத்தக் கற்பதில்லை, மறைக்கவே கற்கின்றனர். பள்ளியில் மறைக்கப்படும் பிழை ஏட்டோடு போம். வைத்தியசாலையில் மறைக்கப்படும் பிழையோ, அடுத்த கட்டிலில் கிடப்பவருக்காகக் காத்திருக்கும்.