கீலும் தாழும்

கொல்கத்தாவுக்கு முதன்முறையாக வரும் தமிழர் எவராயினும், ஹௌரா நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே எழுந்து நிற்கும் பாலத்தைக் கண்டு சற்று நேரம் மலைத்து நிற்பது வழக்கம். 1943-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பெற்ற அப்பாலத்தில் 26,500 டன் எஃகு அடங்கியிருக்கிறது. அதனைப் புகழ்ந்து எழுதினோர் பலர். ஆனால் அப்பாலத்தின் மேற்குக் கரையில், ஹௌராவின் நெருக்கமான சந்துகளில் உருவாகும் ஒரு கீலையோ தாழ்ப்பாளையோ குறித்து ஒரு வரி எழுதினாரைக் காண்பது அரிது. பாலத்தை நாம் என்றோ ஒரு நாள் கடக்கிறோம். கீலையும் தாழையும் நாள்தோறும் பன்முறை இயக்குகிறோம். கதவும் சன்னலும் செய்வோருக்கு இச்சிறு உறுப்புகளைச் செய்து வழங்கும் தொழிலைப் பற்றியே இன்று நேயர்களோடு உரையாட விரும்புகிறோம்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு இந்நகரில் வாழும் நமக்கு, எப்பொருளைக் கண்டாலும் முதலில் அதன் பெயரையே நினைக்கத் தோன்றும். நாம் 'சன்னல்' என்கிறோம். வங்காளிகள் 'ஜானாலா' என்கிறார்கள். இரண்டும் போர்த்துகேயர் தந்த ஒரே சொல்லின் வழி வந்தவை. நம்முடைய 'சாவி'யும் அவர்களுடைய 'சாபி'யும் அவ்வாறே உடன்பிறப்புகள். போர்த்துகேயர் வருமுன் தமிழனுக்குச் சன்னல் தெரியாது என்பது இதற்குப் பொருளன்று. 'சாளரம்' உண்டு, 'பலகணி' உண்டு, காற்று வரும் வழி என்று பொருள்படும் 'காலதர்' என்ற அழகிய சொல்லும் உண்டு. ஆயினும் கப்பலில் வந்திறங்கிய சரக்கோடு சரக்கின் பெயரும் இறங்கிக் கடைத்தெருவில் நிலைத்துவிடுவது உலகியல்பு.

நம் பழைய கதவுகளை நினைவுகூர்வோம். கோயில்களிலும் பெரிய வீடுகளிலும் கதவுப் பலகையின் மேலும் கீழும் ஒரு குடுமி நீட்டிக்கொண்டிருக்கும். அக்குடுமி நிலையிலுள்ள குழியில் பொருந்திச் சுழலும். அங்கே கதவு செய்யும் தச்சரே கதவு திரும்பும் வகையையும் செய்துவிட்டார். அதற்கென மற்றொருவரை நாட வேண்டியதில்லை. இரண்டு உலோகத் தகடுகளும் அவற்றைக் கோக்கும் ஓர் ஊசியுமாக அமைந்த கீல் வழக்குக்கு வந்தபொழுதுதான், கதவு செய்பவர் ஒருவர், கதவைத் திரும்பச் செய்பவர் வேறொருவர் என்ற பிரிவினை உண்டாயிற்று. நாம் கூறவந்த தொழிலின் பிறப்பு அப்பிரிவினையில்தான் இருக்கிறது.

கொல்கத்தாவில் இப்பிரிவினையை மிக அழகாகக் காட்டி நிற்பது 'கொர்கொரி' எனப்படும் சன்னல். ஜோடாசாங்கோவிலுள்ள தாகூர் இல்லம் முதலாகப் பல பழைய மாளிகைகளில் பச்சை வண்ணம் பூசிய இச்சன்னல்களை இன்றும் காணலாம். கதவுச் சட்டத்துக்குள் மெல்லிய பலகைக் கீற்றுகள் படுக்கைவாட்டில் அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கீற்றின் இரு முனைகளும் சட்டத்தில் சுழலும். நடுவே செங்குத்தாக ஒரு சிறு கோல் எல்லாக் கீற்றுகளையும் சிறு உலோக வளையங்களால் இணைத்திருக்கும். கோலை ஏற்றினால் கீற்றுகள் யாவும் ஒருசேர மூடும். இறக்கினால் ஒருசேரத் திறக்கும். வெயிலும் மழைச் சாரலும் வெளியே நிற்க, காற்றும் மெல்லொளியும் மட்டும் உள்ளே வரும். ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவதும், சித்திரை வைகாசியில் 'கால்பைசாகி' என்னும் புயற்காற்று வீசுவதுமான நகருக்கு இதனினும் பொருத்தமான அமைப்பு அரிது.

வீதியிலுள்ளோர் தம்மைக் காணாதவாறு வீதியைக் காண்பதற்கும் அந்தப்புரத்துப் பெண்டிருக்கு இது பயன்பட்டது. 1964-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'சாருலதா' படத்தைப் பார்த்தவர்கள், கதாநாயகி கையில் சிறு தொலைநோக்கியுடன் சன்னல் சன்னலாகச் சென்று கீற்றுகளைத் திறந்து உலகைப் பார்க்கும் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள்.

இச்சன்னல்களுக்கான தேக்கு பெரும்பாலும் பர்மாவிலிருந்து வந்தது. ரங்கூனிலும் மௌல்மீனிலும் கப்பலேறிய மரம் ஹூக்ளிக் கரையில் இறங்கியது. நதியோரத்து நீம்தலாப் பகுதி மரக்கிடங்குகளுக்குப் பெயர்பெற்றது. 1937-இல் பர்மா இந்தியாவினின்றும் பிரிக்கப்பட்டது; 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைக் கைப்பற்றியபோது அவ்வரவு தடைப்பட்டது. போருக்குப் பின் மீண்டும் வந்த மரமும் பழைய மலிவில் வரவில்லை. பதப்படுத்தாத மரங்களின் ஏற்றுமதியை 2014-ஆம் ஆண்டு ஏப்ரலில் மியன்மார் அரசு நிறுத்திவிட்டது.

மரத்தின் கதை இவ்வாறாக, உலோகத்தின் கதையைக் காண்போம். இரட்டைக் கதவுள்ள எளிய மரச்சன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கதவுக்கு மூன்றாக ஆறு கீல்கள், கீலுக்கு ஆறாக முப்பத்தாறு திருகாணிகள், மேலும் கீழும் தாழ்ப்பாள்கள், இரண்டு கைப்பிடிகள், காற்றில் அடித்துக்கொள்ளாதபடி இரண்டு கொக்கிகள். நூறு சன்னல்கள் உள்ள கட்டடத்துக்கு 600 கீல்களும் அவற்றுக்கென 3,600 திருகாணிகளும் வேண்டும். இவற்றைத் தச்சுப்பட்டறையே செய்துகொள்வதென்றால் மரவேலை நின்றுவிடும். ஆகவே அப்பட்டறை உறுப்பு வழங்குவோரை நம்பியே வாழ்கிறது.

உறுப்பு வழங்குவோரும் தனித்து இயங்குபவரல்லர். ஹௌராவில், குறிப்பாக பெலிலியஸ் சாலையை ஒட்டிய பகுதியில், சிறு வார்ப்படச் சாலைகளும் கடைசல் பட்டறைகளும் நெருங்கி அமைந்துள்ளன. 'கிழக்கின் ஷெஃபீல்டு' என்று ஹௌராவுக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. ஒரு பட்டறையில் மணல் அச்சில் வார்ப்பு, மற்றொன்றில் துளையிடுதல், வேறொன்றில் மெருகேற்றுதல், பிறிதொன்றில் முலாம் பூசுதல். இப்படிக் கைமாறிக் கைமாறி முடிவில் ஒரு கைப்பிடி பெட்டிக்குள் அடைகிறது. இவ்வளவு கைகளையும் ஒழுங்குபடுத்தி, குறித்த நாளில் குறித்த எண்ணிக்கையில் சரக்கைச் சேர்ப்பிப்பதே வழங்குபவரின் திறமை.

இவ்வேலையில் பிழைக்கு இடமில்லை. கீலின் ஊசி ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும் கதவு நாளடைவில் சரியும். கதவு சரிந்தால் தாழ்ப்பாள் தன் துளையைச் சந்திக்காது. வீட்டுக்காரர் தச்சரை நோவார். தச்சர் மழையைக் குறைகூறுவார். குற்றம் ஊசியில் இருப்பதை எவரும் நினையார்.

எங்கோ செய்யப்பட்ட கீல் வேறெங்கோ செய்யப்பட்ட கதவில் பொருந்துவது எவ்வாறு? அளவு ஒன்றாயிருப்பதால்தான். இந்த உண்மையை வணிக உலகம் படிப்படியாகவே கற்றது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் சாரசென் வார்ப்படச்சாலை 19-ஆம் நூற்றாண்டிலேயே தூண், கிராதி முதலியவற்றுக்கு எண்ணிட்டுப் பட்டியல் அச்சிட்டு உலகெங்கும் விற்றது. மைசூர் அரண்மனைக்கும் அங்கிருந்து வார்ப்பிரும்பு வேலை வந்தது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்துப் பிரெயின்ட்ரீ என்னும் சிற்றூரில் இரும்புச் சாமான் கடை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ஹென்றி கிரிட்டால், 1884-இல் உலோகச் சன்னல் செய்யத் தொடங்கினார். முதல் உலகப் போருக்குப் பின் சாதாரணக் குடிமக்களின் வீடுகளுக்கென ஒரே அளவான எஃகுச் சன்னல்களை அவருடைய நிறுவனம் ஏராளமாகச் செய்தது. கடையில் கீல் விற்றவர் சன்னலுக்கே உரியவரானது இத்தொழிலின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

நம் நாட்டில் 1947 ஜனவரியில் இந்தியத் தரக்கட்டளை நிலையம் தோன்றியது. 1987-இல் அது இந்தியத் தர நிர்ணய அமைவனமாயிற்று. எஃகுக் கீலுக்கு ஐ.எஸ். 1341, தாழ்ப்பாளுக்கு ஐ.எஸ். 204, எஃகுக் கதவு சன்னல்களுக்கு ஐ.எஸ். 1038 என்று அளவும் தரமும் வகுக்கப்பட்டன. ஒரு கீலை வங்காளத் தச்சர் 'கொப்ஜா' என்றும் தமிழ்த் தச்சர் 'கீல்' என்றும் சொல்லலாம். 75 மில்லிமீட்டர் என்றால் இருவருக்கும் ஒன்றே. மொழிபெயர்ப்பு வேண்டாத மொழி இது ஒன்றுதான் போலும்!

இவ்வொழுங்குக்கு உட்படாமற் போனதுதான் கொர்கொரியின் துயரம். அது வீட்டுக்கு வீடு அளவு மாறுவது. ஒரு வளையம் உடைந்தால் அதே வளையம் கடையில் கிடைக்காது. பட்டறையில் தனியே செய்விக்க வேண்டும். அத்தகைய பட்டறையும் அத்தகைய கையும் அருகிவிட்டால், சிறு வளையத்துக்காக முழுச் சன்னலையே கழற்றி எறிய நேர்கிறது. 2015-இல் எழுத்தாளர் அமித் சௌதுரி முதலானோர் கொல்கத்தாவின் பழைய குடியிருப்பு வீடுகளைக் காக்க ஓர் இயக்கம் தொடங்கியபோது, அவ்வீடுகளின் சிறப்புகளில் ஒன்றாக இச்சன்னலையும் எடுத்துரைத்தனர். வீட்டைக் காக்க வேண்டுமாயின் அதன் சிறு உறுப்பைச் செய்யும் பட்டறையையும் காக்க வேண்டும் என்பதை நாம் அதனுடன் சேர்த்துக் கொள்ளலாம்.

இக்காலத்தில் எஃகுக்குப் பின் அலுமினியமும், அதற்குப் பின் பிளாஸ்டிக் வகைச் சட்டங்களும் வந்துவிட்டன. தாழ்ப்பாளின் இடத்தில் பல இடங்களில் ஒருசேரப் பூட்டும் பூட்டு. கீலின் இடத்தில் உருளை. மழைநீர் புகாதிருக்க ரப்பர் பட்டை. பொருள் மாறினாலும் தொழிலின் இயல்பு மாறவில்லை. சட்டம் செய்பவர் ஒருவர், உறுப்பு தருபவர் மற்றொருவர். ஆனால் புதிய உறுப்புக்குப் புதிய அச்சு வேண்டும். அச்சுக்கு முதல் வேண்டும். சிறு பட்டறைக்காரரிடம் அம்முதல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் அது பிறருடைய கணக்குப் புத்தகத்தில் வரவேண்டிய பாக்கியாக இருக்கிறது.

இதனை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. ஒருவர் 600 கீல்களை ஒன்று 20 ரூபாய் வீதம் 12,000 ரூபாய்க்கு வழங்குகிறார். அடக்கம் 10,800, இலாபம் 1,200. உலோகத்தையும் கூலியையும் அவர் ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். அதற்கு நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்குகிறார். மாத வட்டி 216 ரூபாய். சரக்கு வாங்கியவர் ஆறு மாதம் கழித்துப் பணம் தந்தால் வட்டி மட்டும் 1,296 ரூபாய். நல்ல கீலைச் செய்து, குறித்த நாளில் கொடுத்து, முழு விலையும் பெற்ற பின்னரும் அவருக்கு 96 ரூபாய் நஷ்டம்! அடுத்த முறை அவர் தகட்டின் கனத்தைக் குறைக்கத் துணிந்தால், அக்குறை நம் வீட்டுக் கதவில் வந்து முடிகிறது.

சட்டம் இதனை அறியாமலில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில் செய்வோரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் உடன்படிக்கை இல்லையாயின் 15 நாட்களுக்குள்ளும், உடன்படிக்கை இருப்பினும் 45 நாட்களுக்கு மேற்படாமலும் பணம் செலுத்த வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல் மும்மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டியாகத் தரவேண்டும். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, குறித்த காலத்தில் செலுத்தாத தொகையை, அதனைச் செலுத்தும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்று விதித்தது. ஆனால் சட்டத்தைக் காட்டிப் பணம் கேட்பவர் அடுத்த ஆர்டரை இழக்க நேரிடுமோ என்று அஞ்சுகிறார். சிறியவரின் இவ்வச்சத்தைப் போக்கும் விதி எப்புத்தகத்திலும் இல்லை. அது வாங்குபவரின் நேர்மையில்தான் இருக்கிறது.

இது வங்காளத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. நம் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமைக்குரியதே. எனினும் குறியீடு புகழைத்தான் காக்கும். கையை நேர்கூலியும் காலந்தவறாத கொடுப்பனவுமே காக்கும்.

ஆகவே, வீடு கட்டும் நேயர்களும், கதவு சன்னல் செய்விக்கும் ஒப்பந்தக்காரர்களும் இரண்டு செயல்களை மேற்கொள்ளலாம். மரத்தையும் கண்ணாடியையும் தேர்ந்தெடுக்கும் அதே கவனத்தோடு கீலையும் தாழையும் கையில் எடுத்து, அசைத்துப் பார்த்து, தரக்குறியைக் கேட்டு வாங்குக. வாங்கிய சரக்குக்குத் தவணை தாண்டாமல் பணம் கொடுத்துவிடுக. ஊரறியாத ஒரு சந்தில் ஒரு பட்டறையின் கதவு மறுநாள் காலையிலும் திறப்பதற்கு அது போதும்.