நிதி விழாவும் நம் கடமையும்

(தாமல் ஆயத்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகளின் மேற்படிப்பிற்கு நிதி திரட்ட ஒரு நாள் விழா எடுக்க எண்ணிக் கூடியுள்ளோம். கை நீட்டப் போகிறோமே என்று எவரும் நாண வேண்டுவதில்லை. நம் முன்னோர் இவ்வழி நடந்தவர்களே. சுவாமி சகஜானந்தர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி, நன்கொடை திரட்டியே பள்ளியை வளர்த்தார். அண்ணல் அம்பேத்கர் 1945-ல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்; மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது.

முன்பு நாம் நடத்திய நாடக இரவை மறத்தலாகாது. கூட்டம் நிறைந்தது, பந்தல், ஒலிபெருக்கி, மாலை, சால்வைச் செலவு போக எஞ்சியது சொற்பமே. அதனினும் கொடிது, உதவி பெற்ற மாணவியை மேடையேற்றி அவள் வீட்டு வறுமையைப் பேசினோம். மறு வாரம் முதல் அவள் நம் இரவுப் பள்ளிக்கு வரவில்லை. பிழை நம்முடையதே.

ஆகவே, இம்முறை முதற்கண் செலவுக்கு வரம்பு கட்டுவோம். அறுவடை முடிந்து, தறிக் கூலியும் கைக்கு வந்த நாளாகப் பார்த்துக் குறிப்போம். தெருக்கூத்தை நம் இளைஞரே ஆடட்டும். எண்ணிட்ட ரசீதின்றி ஒரு ரூபாயும் பெறலாகாது. பணம் வங்கியில், இருவர் கையொப்பத்தில் இருக்கட்டும். ஏழு நாட்களுக்குள் வரவு செலவை ஊர்க் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவோம். உதவி பெறும் பிள்ளையின் பெயர் மேடையில் ஒலிக்க வேண்டா.

பத்து ரூபாய் ஈந்த பாட்டியும் ஆயிரம் ஈந்த அலுவலரும் ஒரே பட்டியலில், அகர வரிசையில் நிற்கட்டும். முன் படித்தோர் பின் படிப்போர்க்குச் செலுத்தும் கடன் இது. தீர்ப்போம், தலைநிமிர்ந்தே தீர்ப்போம்.