தத்து வந்த அக்கா



ஜப்பான்காரன் காலத்திலும் அதற்குப் பின்னும் சீனப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்நாட்டில் பல. தமிழ் பேசி, பொட்டு வைத்து, நம் வீட்டுப் பெண்ணாகவே வளர்ந்தார்கள்.

பிறகு வயிற்றில் ஒரு பிள்ளை பிறந்ததும், ஒரே செல்லமாக இருந்தவள் ‘அக்கா’ ஆகிவிடுகிறாள். எந்த மூத்த பிள்ளைக்கும் அது கஷ்டந்தான். இவளுக்கோ, “சொந்தப் பிள்ளை வந்தாச்சு” என்று அடுத்த வீட்டார் சொல்வதும் காதில் விழும். தாய்மார்களே, தொட்டில் ஆட்டுவதற்காக அவள் படிப்பை நிறுத்தாதீர்கள். தத்து வந்த கதையை அவள் உங்கள் வாயால்தான் கேட்கவேண்டும். சீனம் படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டுமே, தமிழ் எங்கே ஓடிவிடப் போகிறது? தத்தெடுப்பதற்கு 1952-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, முறைப்படி பதிந்துவிடுங்கள்.

ஆசிரியர்களாகிய நாங்களும் வகுப்பில் யாரையும் ‘சீனத்தி’ என்று கூப்பிட விடமாட்டோம்.