கேப்பு சிறிது, அடி பெரிது

நம் களம்பூருக்கு மேற்கே, போளூரைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே உரிமம் இல்லாமல் வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்துவிடுங்கள் என்று காவல்துறை அவ்வப்போது அறிவிப்பதைப் படித்திருப்பீர்கள். அந்தத் துப்பாக்கியின் மிகச் சிறிய உறுப்பைப் பற்றி இன்று பேசுகிறேன். அதன் பெயர் கேப்பு.

குழலுக்குள் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் திணித்திருக்கும். குழலின் பின்பக்கத்து முனையில் கேப்பு மாட்டியிருக்கும். குதிரை எனப்படும் சுத்தி அதை அடித்ததும் பொறி பறந்து மருந்து பற்றிக்கொள்ளும். கேப்புக்குள் இருப்பது போன்ற, அடிபட்டால் பற்றும் ரசாயனத்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்து 1807இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் ஃபோர்சித் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். சக்கிமுக்கித் துப்பாக்கியின் பொறியைக் கண்டதுமே பறவைகள் தப்பிவிடுகின்றனவே என்பதுதான் அவருக்கு இருந்த கவலை.

பின்னாளில் இதே கேப்பு, பித்தளைத் தோட்டாவின் அடியில் ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது. அதற்கு ப்ரைமர் என்று பெயர். அமெரிக்காவில் சுட்ட தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிவந்து, வீட்டிலேயே சிறு அழுத்தியை வைத்துப் புது ப்ரைமர் பொருத்துகிறவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை முழுவதும் ஒரு மயிரிழை அளவில்தான். ப்ரைமர், அடிப்பாகத்தின் மட்டத்துக்குச் சற்றே கீழே உட்கார வேண்டும். மேலே துருத்தினால் துப்பாக்கியை மூடும்போதே வெடித்துவிடக்கூடும். குழியின் அடிவரை போகாவிட்டால், ப்ரைமரை அடிக்கும் துப்பாக்கி ஊசியின் அடி அதைத் தள்ளுவதிலேயே வீணாகி, தோட்டா வெடிக்காது. பாவில் தளர்ந்த இழையை விரலால் கண்டுபிடிக்கும் நம் நெசவாளர் போல, அவர்களும் ஒவ்வொரு தோட்டாவையும் தடவிப் பார்க்கிறார்கள்.

நாட்டுத் துப்பாக்கியில் இந்தத் துல்லியத்துக்கு வழியே இல்லை. முனை தேய்ந்திருக்கும், கேப்பு ஆடும். விழாமல் இருக்கட்டும் என்று அதன் மேல் குதிரையை இறக்கிச் சுவரில் சாத்திவைத்தால், கீழே விழுந்து ஓர் இடி பட்டாலே போதும், வெடித்துவிடும். விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? உடனே குழலுக்குள் எட்டிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. மருந்து மெல்லப் பற்றிச் சற்று நேரம் கழித்தும் வெடிக்கலாம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், தோட்டா செய்வதும் குற்றம். தோட்டாவின் உறுப்புகளையும் அதைச் செய்யும் கருவியையும்கூடச் சட்டம் தோட்டாவாகவே கணக்கில் எடுக்கிறது. அமெரிக்க வீடியோவைப் பார்த்து ஆசைப்படும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பயிரைக் காக்கத்தானே துப்பாக்கி என்பீர்கள். காட்டுப்பன்றி கடலையைத் தோண்டிப்போடுகிற வேதனை பொய்யல்ல. அதற்கு வனத்துறையிடம் இழப்பீடு கேளுங்கள். வீட்டில் மருந்து திணித்த துப்பாக்கி இருந்தால் கேப்பைக் கழற்ற நீங்களே முயலாதீர்கள். காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டு, ஆள் வரும்வரை பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.