கறுப்பா இருந்தா வராதா?

மைக் பிடிப்பது இதுதான் எனக்கு முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்குங்க.

களை எடுக்கப் போகும்போது வீட்டுக்காரர் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டுகிறோம். எதுக்கு என்றால் "கறுத்துடுவோம்" என்போம். என் மாமியார் மட்டும் கட்ட மாட்டாங்க. "பொறந்ததே கறுப்பு, வெயில் நம்மள என்ன பண்ணும்? தோல்ல வர்ற புத்துநோயெல்லாம் வெள்ளைக்காரங்களுக்குத்தான்" என்பாங்க. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மூணு வருஷம் முன்னாடி அத்தைக்கு இடது குதிகாலில் மிளகு அளவு ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. முள் குத்தியது என்றோம். அப்புறம் கால் ஆணி என்றோம். எருக்கம் பால் வைத்துவிட்டது நான்தான். வலி இல்லை, அதனால் கவலையும் இல்லை. அது புளியங்கொட்டை அளவாகி, ஓரம் கோணல்மாணலாகப் பரவி, ரத்தம் கசிந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸுக்கும் செலவுக்கும் குழுவில்தான் கடன் எடுத்தேன். அதற்குள் தொடை இடுக்கில் நெறி கட்டிவிட்டது. சதை எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்.

"நாங்க கறுப்பாச்சேம்மா" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். கறுப்புத் தோல் வெயிலை ஓரளவு தாங்கும், அது உண்மைதான் என்றாங்க. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்கு இந்த நோய் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்தான் அதிகம் வருமாம். அதற்கு வெயில் முக்கியக் காரணமே இல்லையாம். பாப் மார்லி என்ற கறுப்பினப் பாடகர் கால் கட்டைவிரலில் வந்த இதே நோயால்தான் 1981இல், 36 வயதில் இறந்தார் என்று என் தம்பி பிறகு சொன்னான். அடுப்பில் சுட்ட பழைய தழும்பு பல வருஷம் கழித்துப் புண்ணாகி ஆறாமல் இருந்தாலும் காட்டணுமாம். நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் தழும்பு இருக்கிறது!

அதுக்காகச் சட்டையையும் துண்டையும் விட்டுடாதீங்க. வெயில் கண்ணைக் கெடுக்கும், முகத்தில் மங்கு வரும், மயக்கம் போடும். சிவப்பாகணும் என்று யாரோ சொன்ன டியூப் மருந்தை டாக்டரைக் கேட்காமல் முகத்தில் தடவாதீங்க. ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும்.

அத்தை பதினோரு மாசம் இருந்தாங்க. "நீ வேணும்னா பண்ணே, தெரியாமத்தானே" என்று என்னைத் தேற்றினதும் அவங்கதான்.

இன்னைக்கு ராத்திரி கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்க. வயசானவங்களுக்குக் குனிய முடியாது, நாமதான் பார்க்கணும். புதுசா கறுப்புப் புள்ளியோ, வளர்கிற மச்சமோ, ஒரு மாசமா ஆறாத புண்ணோ இருந்தால் எருக்கம் பாலைத் தேடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. தனியாகப் போகப் பயமா இருந்தால் என்னைக் கூப்பிடுங்க, நான் கூட வர்றேன்.